வட்டத்தை வெட்டிய இடம்

போன கிழமை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் என் குசினியிலிருந்து காய்ச்சிய மாவின் வாசம் வந்தது. கஞ்சி வாசமில்லை, களி வாசமுமில்லை. உப்புப் போடாத, சீனி போடாத, ஒருவரும் சாப்பிடப் போகாத மாவின் வாசம். அதைக் கடைசியாக மணந்து இருபது வருடமாவது இருக்கும். செருப்பைக் கழற்ற மறந்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

என் மகள் அபிரா அடுப்படியில் நின்று என்னுடைய புட்டுப் பானைக்குள் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். புட்டுப் பானையைத் தொட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் பானையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன பிள்ளை காய்ச்சுறாய்?"

"பசை அம்மா. மனிஃபெஸ்தோ ஒட்ட."

சுவரொட்டியை அவள் இத்தாலியனில்தான் சொல்வாள். இத்தாலியில், இந்தப் பலேர்மோப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். யுத்தம் வேண்டாம் என்று மாணவர்கள் சனிக்கிழமை ஊர்வலம் போகிறார்களாம், வியா மக்வேதாத் தெருவிலிருந்து துறைமுகம் மட்டும். எந்த யுத்தம் என்று நான் கேட்கவில்லை. யுத்தத்துக்கா இப்போது பஞ்சம்.

"வேப்பிலை போட்டனியோ?" என்று வாய் முந்திவிட்டது.

"எதுக்கு?"

"மாடு தின்னாமல் இருக்க."

"அம்மா, எங்கடை போர்கோ வெக்கியோப் பகுதியிலை மாடு எங்கை?" அவள் கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், அம்மாவுக்கு இன்றைக்கு வேலை கூடிப்போச்சு என்று எழுதியிருந்தது.

மாடு இல்லைதான். கீழே சந்தையில் கொக்கியில் தொங்குகிற மாடு மட்டும்தான் இங்கே. ஆனால் சுவரில் ஒட்டுகிற பழக்கம் இந்த ஊரிலும் உண்டு. நான் பலேர்மோவுக்கு வந்த புதிதில், தெருச் சுவர்களில் செத்தவர்களின் பெயரைக் கறுப்புக் கரை போட்டு ஒட்டியிருப்பதைக் கண்டு, அட, எங்கள் ஊர்க் கண்ணீர் அஞ்சலி இங்கேயும் வந்துவிட்டதா என்று யோசித்தேன். இத்தாலியன் ஓர் எழுத்தும் தெரியாத காலம். அப்படியிருந்தும் ஒவ்வொரு சுவரிலும் முதலாவது பெயரை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். முதலாவது பெயரைப் பார்க்கிற வியாதி எனக்கு ஊரிலேயே தொற்றிவிட்டது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். நேரே சொல்ல இன்னும் எனக்குத் துணிவில்லை.

இரண்டு சண்டைகளுக்கு நடுவில் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு ஒரு சின்ன இடைவெளி கிடைத்தது. சமாதான காலம் என்று சொல்வார்கள். கொழும்புக்குப் பாதை திறந்தது. கொழும்பு ஐஸ்கிரீம் வந்தது. செத்துப்போனதாக நினைத்த சொந்தங்கள் வான் வண்டிகளில் வந்து இறங்கிக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்தக் காலத்தில்தான் நான் பல்கலைக்கழகத்துக்கு, எங்கள் பேச்சில் கம்பஸுக்கு, போனேன். பருத்தித்துறைப் பக்கத்துப் பிள்ளை, தினமும் பஸ்ஸில் வந்து போக முடியாது, ஆகவே கம்பஸ் இருக்கிற யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு பள்ளிக்கூட ரீச்சர் வீட்டில் அறை எடுத்தேன். அந்த அறையின் மற்றக் கட்டிலுக்கு மன்னாரிலிருந்து வந்தவள் ஜெனிற்றா.

ஜெனிற்றாவின் தகப்பன் கடலுக்குப் போகிறவர். அவள் பெட்டியைத் திறந்தால் புத்தகத்துக்கு முன்னால் கருவாடு மணக்கும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் மச்சம் காய்ச்ச மாட்டோம் என்று நான் ஒருமுறை பெருமையடித்ததற்கு, "கடவுள் வெள்ளிக்கிழமையிலை மட்டும் மூக்கைத் திறந்து வைச்சிருக்கிறாரோ?" என்று கேட்டாள். நாங்கள் சிரித்தால் ரீச்சர் முன்வீட்டிலிருந்து இருமுவா. ஜெனிற்றா நல்ல உயரம். பின்னால் சொல்லப்போகிற காரியத்துக்கு அந்த உயரம் உதவியது.

இடைவெளி முடியப்போகிறது என்று எங்களுக்குத் தெரிய வந்ததற்குப் பெரிய அரசியல் அறிவு ஒன்றும் காரணமில்லை. கடைகளில் மெழுகுதிரியும் சவர்க்காரமும் முடியத் தொடங்கின. சனங்கள் வாங்கிப் பதுக்கினார்கள். அங்கங்கே ஆட்கள் சுடப்பட்டார்கள். எந்தப் பக்கம் சுட்டது என்று ஒருவரும் உரத்துக் கதைக்கவில்லை. பிறகு சுவர்களில் நோட்டீஸ் வரத் தொடங்கியது. இன்னாரைக் கண்டிக்கிறோம், இன்னாருக்குத் தண்டனை என்று எழுதியிருக்கும். கீழே பெயர் இராது, இருந்தாலும் ஒருவரும் கேள்விப்படாத பெயராக இருக்கும்.

அப்போதுதான் எங்கள் பதினொரு பேருடைய கூட்டம் தொடங்கியது. கூட்டம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கம்பஸ் சாப்பாட்டுக் கன்ரீனில் ஒரு மேசை, அவ்வளவுதான். எங்களுக்கு ஒரு வருடம் மூத்த சிவகரன் அண்ணைதான் அழைத்தவர். கொள்கை என்று பார்த்தால் ஒரே ஒரு வசனம்: மறுபடியும் சண்டை வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் பிடிக்காத வசனம் அது.

முதலில் பெயர் போடாமல் சின்னச் சின்ன நோட்டீஸ் எழுதி ஒட்டினோம். பசை காய்ச்சுவது எங்கள் அறையில், மண்ணெண்ணெய் அடுப்பில். முதல் தடவை ஒட்டியதை விடிய மாடு தின்றுவிட்டது. கோதுமை மா அல்லவா, ருசி. அடுத்த தடவை கைப்பாக இருக்கட்டும் என்று வேப்பிலையை அரைத்துக் கலந்தது என்னுடைய மூளை. மாடு திரும்பியும் பார்க்கவில்லை. ஊரிலுள்ள ஆடெல்லாம் வந்து நின்று தின்றன. ஆட்டுக்கு வேப்பங்குழை என்றால் உயிர் என்பது யாழ்ப்பாணத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பொருளியல் படித்த எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஜெனிற்றாதான் ஒட்டுவாள், ஆடு எட்டாத உயரத்தில். கையில்லாத சட்டையை ரீச்சர் கண்டால் திட்டுவா என்று சால்வையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, ஒரு கையால் பசை பூசுவாள்.

பெயர் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளும் அவள்தான்.

"பேர் போடாமல் ஒட்டினால் எங்களுக்கும் அவங்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்று அந்தக் கன்ரீன் மேசையில் கேட்டாள். "மொட்டைக் கடிதம் எழுதித் தானே சனத்தைச் சாக்கொல்லுறாங்கள்."

பிறகு சிவகரன் அண்ணை சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்து ஒரு தாளில் வைத்துச் சுற்றிவரக் கோடு கீறினார். "நடுவிலை விசயத்தை எழுதுவம். பேரைச் சுத்திவர வைப்பம். அப்ப முதல் ஆள், கடைசி ஆள் எண்டு ஒண்டும் இல்லை."

அந்த யோசனை எங்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நடுவில், பேசுங்கள், பேசிக்கொண்டே இருங்கள், நாங்கள் படிக்க வேண்டும் என்று எழுதினோம். தாளைத் திருப்பித் திருப்பி ஒவ்வொருவராகக் கையெழுத்து வைத்தோம். நான் வைத்தேன். எனக்குப் பக்கத்தில் இருந்த ஜெனிற்றா எனக்கு அடுத்ததாக வைத்தாள், அவளுடைய பச்சைப் பேனையால். அவளுக்குப் பிறகு மற்ற ஒன்பது பேரும் வைக்க, வட்டம் சுற்றிவந்து என்னில் முட்டியது. பூ மாதிரி இருக்கு என்று யாரோ சொன்னார்கள்.

பூவைக் கம்பஸ் வாசலில் இருந்த போட்டோகொப்பிக் கடைக்குக் கொண்டுபோனது நானும் ஜெனிற்றாவும். கடைக்கார அண்ணை ஒரு பிரதி எடுத்துப் பார்த்தார். பச்சையும் வெளிர் நீலமும் விழவேயில்லை. பாதிப் பேரைக் காணவில்லை.

"கறுப்பாலை எழுதிக்கொண்டு வாங்கோ தங்கச்சி. அதோடை உப்பிடி வளைச்சு வளைச்சு எழுதினால் வாசிக்கிறவன் தலைகீழாயெல்லோ நிக்க வேணும். வரிசையாய் எழுதுங்கோ."

எனக்குக் கையெழுத்து அழகு. பள்ளிக்கூடத்திலேயே பரிசளிப்பு விழா அழைப்பிதழ், வெற்றி பெற்றவர் பட்டியல் எல்லாம் என்னிடம்தான் வரும். அந்த அழகான கையெழுத்து இன்றைக்கு நான் வீட்டு வேலை செய்கிற சின்யோராவின் சந்தைச் சாமான் பட்டியலை எழுதுகிறது. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற எங்கள் ஆட்களுக்குக் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோருக்குக் கொடுக்கிற பத்திரங்களை நிரப்புகிறது. கோயில் உபயகாரர் பட்டியலை மட்டும் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவவுக்குத் தலைக்கனம் என்று கதை. இருக்கட்டும்.

அன்றைக்குக் கடையின் வாங்குப் பலகையிலேயே இருந்தேன். ஜெனிற்றா தேத்தண்ணி வாங்கப் போயிருந்தாள். வெள்ளைத் தாள், கறுப்புப் பேனை, மடியில் அந்த வட்டம். வட்டத்தை வரிசையாக்க வேண்டுமென்றால் எங்கேயாவது ஓரிடத்தில் வெட்டத்தானே வேண்டும். பதினொரு பேர், பதினொரு இடைவெளி. எங்கே வெட்டினாலும் யாரோ ஒருவர் முதலாவதாக வருவார்.

எனக்கும் ஜெனிற்றாவுக்கும் நடுவில் வெட்டினேன்.

எழுதுகிறவர் தன்னுடைய பெயரைக் கடைசியில் போடுவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. பள்ளிக்கூடப் பட்டியலிலும் அப்படித்தான் செய்வேன், கை தானாகப் போகும். அப்படித்தான் வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜெனிற்றா இரண்டு கையிலும் கிளாஸோடு வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, என்னைத் தலைவியாக்கிப் போட்டாய்?"

"மாத்தி எழுதட்டோ?"

அவள் தேத்தண்ணியை ஊதினாள். "வேண்டாம், வடிவாய் எழுதிப் போட்டாய், பாழாக்காதை. ஆரோ ஒராள் முதலிலை நிக்கத்தானே வேணும்."

நான் இன்னொருமுறை கேட்கவில்லை. தேத்தண்ணியில் சீனி கூட என்று சொன்னேன். அதற்கு அவள் என்னவோ பகிடி சொன்னாள், அது நினைவில் இல்லை.

பிற்பகல் ஐந்து மணிக்கு, வெயில் இருக்கும்போதே ஒட்டினோம். ஒளித்து ஒட்டினால் பெயர் போட்டதற்கு அர்த்தமில்லை என்றாள் ஜெனிற்றா. சனங்கள் சைக்கிளை நிறுத்தி வாசித்தார்கள். ஒரு ஐயா வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்று எனக்கு விளங்க நாலு நாள் எடுத்தது.

நாலாம் நாள் மத்தியானம், விரிவுரை முடிந்து, தாய்க்கு எழுதிய கடிதத்தைப் போட்டுவிட்டு வாறன் என்று ஜெனிற்றா தபாற்கந்தோருக்குப் போனாள். சோறு காய்ச்சி வை, நான் கருவாடு பொரிக்கிறன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் சோறு காய்ச்சி வைத்தேன். இரண்டு மணியானது, மூன்று மணியானது. நான் நடந்தே போனேன். தபாற்கந்தோருக்கு முன்னால் வாகை மரத்தின் கீழ் அவளுடைய சைக்கிள் ஒழுங்காக ஸ்டாண்ட் போட்டு, பூட்டியபடி நின்றது. கரியரில் குடை. கடிதம் போட்டாச்சுது என்று உள்ளே சொன்னார்கள். வெளியே ஒரு வான் நின்றது என்று ஒருவர் சொன்னார். வான் நிற்கவில்லை என்று அவரே பிறகு சொன்னார்.

போட்டோகொப்பிக் கடைக்கார அண்ணை என்னைக் கண்டதும் கதவைப் பாதி சாத்திவிட்டுத்தான் கதைத்தார்.

"முந்தநாள் ரண்டு பேர் வந்தவை தங்கச்சி. நோட்டீஸைக் கையிலை வைச்சுக்கொண்டு, முதல் பேர் போட்டிருக்கிற பெட்டைதானோ தலைவி எண்டு கேட்டவை. எனக்குத் தெரியாது எண்டனான். சத்தியமாய் அவ்வளவுதான் சொன்னனான்."

கடைசிப் பெயரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

சிவகரன் அண்ணை அறைக்கு ஓடி வந்தார். வட்டம் என்னிடம் இருந்தது, பாட நோட்டுக்குள். "அது ஒருத்தற்றை கையிலும் போகக் கூடாது. எரிச்சால் மணக்கும்," என்றார். அடுப்படியில் கடைசியாக ஒட்டி மிஞ்சிய பசை, ஆடை பிடித்துக் கிடந்தது. நான் தண்ணீர் விட்டுச் சூடாக்கி, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டு, கரண்டியால் கிண்டினேன். பச்சை மை முதலில் கரைந்தது. பிறகு நீலம். பிறகு எல்லாம் ஒரே கூழ். மாவின் வாசம் அறை முழுக்க நின்றது. ஒருவரும் முதலில்லை என்று காட்ட எங்களிடம் இருந்த ஒரே தாள் அதுதான். அதை நாங்களே கரைத்தோம். முதலில் ஒருத்தி இருக்கிறாள் என்று காட்டுகிற தாள் எண்பது பிரதி சுவர்களில் இருந்தது, ஆடு எட்டாத உயரத்தில்.

ஜெனிற்றாவின் தாய் மூன்றாம் நாள் மன்னாரிலிருந்து வந்து சேர்ந்தா. மகளின் கட்டிலில் இருந்து, கருவாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சுவரிலிருந்து யாரோ உரித்துக் கொடுத்த நோட்டீஸை எனக்குக் காட்டினா.

"ஏன் பிள்ளை, என்ரை மகளின்ரை பேர் முதல் கிடக்கு?"

"வட்டமாய்த்தான் எழுதினாங்கள் அம்மா. முதல் எண்டு ஒருத்தரும் இல்லை."

"அந்த வட்டத்தை ஒருக்கால் காட்டன்."

"இல்லை அம்மா. அது இப்ப இல்லை."

அவ என்னை நம்பினா. அதுதான் என்னைத் தின்கிறது. ஓம் பிள்ளை, ஓம் என்று தலையாட்டி, என் கையைப் பிடித்துத் தடவினா. அந்த நோட்டீஸைப் பொலித்தீன் பையில் போட்டுத் தன்னோடு கொண்டு போனா. காணாமல்போனவர்களின் தாய்மார் தெருவோரம் இருக்கிற இடங்களில், படத்தோடு அந்தப் பையையும் அவ மடியில் வைத்திருப்பா என்று ஊருக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். பத்தொன்பது வருடம் அவ சுமந்தது என்னுடைய அழகான கையெழுத்தை. போன வருடம் செத்துப்போனா என்று கேள்விப்பட்டேன். மகள் வரவில்லை. வந்தது என்று சொல்ல ஓர் எலும்பும் இல்லை.

மற்றவர்கள் அந்தக் கிழமையே கலைந்தோம். படிப்பு முடியவில்லை. சண்டை திரும்ப வந்தது. பலேர்மோவில் வேலை செய்கிற ஒருவருக்கு என்னைக் கலியாணம் பேசினார்கள். சரியோ என்று கேட்டபோது, எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்டேன்.

பசைக்கு வருகிறேன். அபிரா அடுப்பை நிறுத்திவிட்டு, ஒரு கிளிப் மட்டையில் கவ்விய தாளை என் முன்னால் வைத்தாள். ஊர்வலத்துக்கு முன்னால் கையெழுத்துச் சேர்க்கிறார்களாம். பெயர், பிறந்த திகதி, விலாசம், கையெழுத்து என்று கட்டம் போட்டிருந்தது. முதல் வரியில் அவளுடைய பெயர். மிச்சம் வெறுமை.

"ஏன் உன்ரை பேர் முதல்?"

"தாள் என்னட்டை இருந்தது. ஆரோ ஒராள் முதல் வைக்கத்தானே வேணும், அம்மா."

அதை அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுக்கு ஜெனிற்றா என்று ஒருத்தி இருந்ததே தெரியாது. நான் கதிரையை இழுத்து இருந்தேன். அபிராவின் குடியுரிமைப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. அது வரும் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கச் சொல்லு என்று அவளுடைய அப்பா தினமும் சொல்கிறார். கிழித்துப் பானைக்குள் போடு என்று என் வாய் வரை வந்து நின்றது. பசை இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"நீங்கள் எப்பவாவது இப்பிடி ஏதும் செய்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றேன்.

பேனையை வாங்கினேன். இரண்டாவது வரி எனக்காக வெறுமையாக இருந்தது. நான் அவளுடைய பெயருக்கு மேலே, கட்டத்துக்கு வெளியே, தலைப்புக்கும் முதல் வரிக்கும் இடையிலிருந்த ஒடுங்கிய இடத்தில் என் முழுப்பெயரையும் நெருக்கி எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

"அம்மா! அது எழுதுற இடமில்லை. பிழையாய் வைச்சிட்டீங்கள்!"

"இல்லைப் பிள்ளை. சரியாய்த்தான் வைச்சனான்."

நோன் சே போஸ்தோ, இடமேயில்லை என்று இத்தாலியனில் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு புட்டுப் பானையையும் தூரிகையையும் தாள் மட்டையையும் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். துறைமுகத்தில் நாப்பொலி நகரத்துக்குப் போகிற கப்பல் ஊதியது. நான் ஜன்னலால் அவள் தலை மறையும்வரை பார்த்தேன். பிறகும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

போட்டோகொப்பிக் கடை இருந்த இடத்தில் இப்போது போன் கடையாம். அந்தச் சுவர்களை இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்களாம். சிவகரன் அண்ணை கனடாவில் எங்கேயோ இருக்கிறார், என்னோடு கதைப்பதில்லை. தாய் போய்விட்டா, அந்தப் பொலித்தீன் பையை யார் எறிந்தார்களோ தெரியாது. ஜெனிற்றாவின் பச்சைக் கையெழுத்து கூழாகிப் போனது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு விசயம்: அந்த வட்டத்தில் பதினொரு இடைவெளி இருந்தது, நான் அந்த ஓரிடத்தில் வெட்டியது மரியாதைக்காக இல்லை, பயத்தில். இது இவ்வளவு நாளும் எனக்கு மட்டும்தான் தெரியும்.